மியூச்சுவல் ஃபண்டுக்கும் எஸ்ஐபிக்கும் பிறந்த வருடம் ஒன்றல்ல

உங்கள் அலுவலகத்தில் நடந்த வாக்குவாதத்தைச் சுருக்கமாக எழுதியிருந்தீர்கள். மியூச்சுவல் ஃபண்டை 1822-ல் நெதர்லாந்து ராஜா தொடங்கினார் என்கிறார் ஒருவர். இல்லை, 1924-ல் அமெரிக்காவில்தான் என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் தாய் நம்ம ஊர்ச் சீட்டு, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை கட்டுகிற எஸ்ஐபி முறை அதிலிருந்து வந்ததுதான் என்கிறார் மூன்றாமவர். இதில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, பல இடங்களில் பிரித்துப் போடும் ஏற்பாடு எங்கே தொடங்கியது என்பது ஒன்று. சம்பளத்தில் வாழ்கிறவர் சிறு தொகையைத் தவணை தவறாமல் போட்டுவருகிற வழக்கம் எங்கே தொடங்கியது என்பது மற்றொன்று. இவை இரண்டும் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மனிதர்களுக்காக உருவானவை. சுமார் ஒன்றரை நூற்றாண்டு ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அதனால்தான் உங்கள் நண்பர்கள் மூவரும் மூன்று இடங்களைக் காட்டுகிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. ஃபண்ட் முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கும் பின்னலுவலக வேலையில் பல வருடங்கள் இருந்தவன். அந்த வேலையில் வந்த ஆர்வத்தில்தான் இந்தப் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டச்சு மொழி எனக்குத் தெரியாது. ஆகவே ஆம்ஸ்டர்டாம் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி, மூல ஆவணங்களைப் படித்து எழுதிய யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ட் ரூவென்ஹோர்ஸ்டின் ஆய்வை நம்பிச் சொல்வது. இந்தியப் பகுதியில் கொஞ்சம் நேரடி அனுபவமும் உண்டு.

முதல் கேள்விக்கு ஆவணத்தோடு நிற்கக்கூடிய பதில் 1774. அந்த வருடம் ஆம்ஸ்டர்டாமில் ஆபிரகாம் வான் கெட்விக் என்ற தரகர் ‘ஏன்ட்ராக்ட் மாக்ட் மாக்ட்’ என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார். ஒற்றுமையே பலம் என்று பொருள். காலமும் இடமும் தற்செயல் இல்லை. 1772 கடைசியில் ஆம்ஸ்டர்டாமின் பெரிய வங்கி நிறுவனங்களில் ஒன்றான கிளிஃபர்ட் திவாலானது. லண்டனில் தொடங்கிய நெருக்கடி அங்கே பரவி, பலர் நொடித்துப் போனார்கள். அந்தச் சூட்டோடுதான் வான் கெட்விக் வருகிறார். ஒரு பங்கு 500 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்), மொத்தம் 2,000 பங்குகள். ஆக 10 லட்சம் கில்டர். அதை 20 வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் 20 முதல் 25 வெவ்வேறு பத்திரங்கள் என்று ஒதுக்கினார். டென்மார்க், வியன்னா வங்கிகளின் பத்திரங்கள், ரஷ்யா, ஸ்வீடன் அரசுக் கடன்கள், சாக்சனியின் தபால் சேவைக்குக் கொடுத்த கடன், ஸ்பெயினில் கால்வாய் வெட்டக் கொடுத்த கடன் என்று பட்டியல் நீள்கிறது.

என் போன்ற பின்னலுவலக ஆட்களுக்கு அந்தத் திட்ட அறிக்கையில் சுவாரசியமான இடம் வேறு. பத்திரங்களை மூன்று விதமான பூட்டுகள் போட்ட இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். சாவிகள் கண்காணிப்புக் குழுவினரிடமும் நோட்டரியிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பணத்தை நிர்வகிப்பவர் ஒருவர், பத்திரத்தைக் காப்பவர் இன்னொருவர் என்ற பிரிவினை அங்கேயே வந்துவிட்டது. கணக்கை வருடாவருடம் காட்ட வேண்டும். நிர்வாகக் கட்டணம் ஆரம்பத்தில் அரை சதவீதம், பிறகு வகுப்புக்கு வருடம் 100 கில்டர். ஒரு வகுப்பின் மதிப்பு 50,000 கில்டர் என்பதால் இது 0.2 சதவீதம். இன்றைக்கு நாம் வாங்கும் குறைந்த செலவு இண்டெக்ஸ் ஃபண்டுகளின் கட்டணத்துக்கு மிக அருகில் வரும் எண் இது. 250 வருடத்துக்கு முன்னால், கணக்கெல்லாம் கையால் எழுதிய காலத்தில்! இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

அந்த மரியாதையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலில் எஸ்ஸெகிபோ, பெர்பீஸ் தோட்டங்களுக்கும் கரீபியனில் டென்மார்க்கிடம் இருந்த தீவுகளின் தோட்டங்களுக்கும் கொடுத்த கடன்கள் இருந்தன. சர்க்கரை, காப்பித் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் ஓடியவை. தோட்ட முதலாளி வட்டி கட்டியது அந்த உழைப்பிலிருந்து. முதலீட்டாளர் வாங்கிய 4 சதவீத டிவிடெண்டில் அதுவும் இருந்தது. எஸ்ஸெகிபோவும் பெர்பீஸும் இன்றைய கயானாவில் இருக்கின்றன. அடிமை முறை ஒழிந்த பிறகு 1838 முதல் இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனது அதே மண்ணுக்குத்தான். பின்னாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போட்டால் முதலீட்டாளருக்கு ஆபத்து குறையும். ஒவ்வொரு இடத்திலும் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பொறுப்பும் அதோடு சேர்ந்து குறைந்துவிடுகிறது. இது இன்றைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நிதிக்கும் அங்கேதான் அடி விழுந்தது. 1780-ல் இங்கிலாந்துடன் போர் மூண்டது, தோட்டக் கடன்கள் வராமல் நின்றன. ஆரம்பத்தில் வருடாவருடம் குலுக்கல் நடத்தி, பெயர் வந்த சில பங்குகளை முகமதிப்பான 500 கில்டருக்கு மேல் 20 சதவீதம் கூட்டிக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1782-ல் அது நின்றது. பிற்பாடு டிவிடெண்டும் குறைந்தது. 25 வருடத்தில் முடிய வேண்டிய நிதி 1824 வரை இழுத்து, கடைசியில் பங்குக்கு 561 கில்டர் கொடுத்து மூடப்பட்டது. வான் கெட்விக் 1779-ல் தொடங்கிய இரண்டாவது நிதியில், விலை சரிந்து உண்மையான மதிப்புக்குக் கீழே கிடைக்கும் பத்திரங்களையும் வாங்கலாம் என்று தனக்குச் சுதந்திரம் எடுத்துக்கொண்டார். அந்த நிதி 1893 வரை இருந்தது. முடிவில் கிடைத்தது முகமதிப்பைவிடக் குறைவு.

சரி, ராஜா கதைக்கு வருவோம். 1822-ல் நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம் பிரஸ்ஸல்ஸில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தைத் தொடங்கியது உண்மை. பின்னாளில் பெல்ஜியத்தின் சொசியேத்தே ஜெனரால் என்று பெயர் பெற்றது அதுதான். தொழில்களுக்குக் கடன் கொடுப்பது, அரசின் கஜானா வேலையைப் பார்ப்பது என்று அது பல வேலைகள் செய்தது. அதைச் சிறு முதலீட்டாளர்களுக்கான கூட்டு நிதி என்று சொல்வது இழுத்துப் பொருத்துவது என்பது என் கருத்து. பல இணையக் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அந்த வருடத்தை எழுதுகின்றன. எப்படி வைத்துக்கொண்டாலும் 1774-க்கு 48 வருடம் பிந்தியது அது. உங்கள் முதல் நண்பர் நாட்டைச் சரியாகச் சொன்னார், ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

அடுத்த பெரிய பெயர் லண்டன். 1868-ல் பிலிப் ரோஸ் என்ற வழக்கறிஞர் ‘ஃபாரின் அண்டு காலனியல் கவர்ன்மென்ட் டிரஸ்ட்’ என்பதை உருவாக்கினார். பெரிய முதலாளிக்குக் கிடைக்கும் சௌகரியம் நடுத்தர வசதி உள்ளவருக்கும் கிடைக்க வேண்டும், பல பத்திரங்களில் பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும் என்று அதன் அறிக்கை சொன்னது. இன்றைய விளம்பரங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. அந்த நிறுவனம் இப்போதும் லண்டன் பங்குச் சந்தையில் இருக்கிறது. 1873-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் ஃபிளெமிங் இதே பாணியில் அமெரிக்க ரயில் பத்திரங்களை வாங்கும் டிரஸ்ட் ஒன்றைத் தொடங்கினார்.

இதுவரை சொன்ன எதிலும் ஏழையோ சம்பளக்காரரோ கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஆம்ஸ்டர்டாமில் 500 கில்டர் என்பது சாதாரணக் கூலித் தொழிலாளி ஒரு வருடம் முழுக்க உழைத்தாலும் தொட முடியாத தொகை. லண்டன் டிரஸ்டின் சான்றிதழ் ஒன்று 85 பவுண்டு. அதுவும் ஒரு விவசாயக் கூலியின் வருட வருமானத்தைவிட அதிகம். ‘நடுத்தர வசதி’ என்று ரோஸ் நினைத்தது கையில் மொத்தமாகக் காசு வைத்திருந்தவரை. தவணை முறை அவர்கள் யோசனைக்கே வரவில்லை.

சிறு தொகையைச் சேர்க்கும் வழக்கம் வேறொரு பாதையில் வந்தது. 1810-ல் ஸ்காட்லாந்தின் ருத்வெல் என்ற சின்ன கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். வழக்கமான வங்கியில் கணக்குத் தொடங்க 10 பவுண்டு வேண்டும். அவரிடம் ஆறு பென்ஸ் போதும். முதல் வருடக் கடைசியில் சேர்ந்தது 151 பவுண்டு. வருடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு போட வேண்டும், போடாவிட்டால் அபராதம் என்ற விதியும் இருந்தது. ஆசையாகத் தொடங்கியவர்கள் நடுவில் விட்டுவிடுவார்கள் என்பதை டங்கன் புரிந்து வைத்திருந்தார். அங்கேயும் பணம் வைக்க ஒரு பெட்டி, அதற்கும் மூன்று பூட்டு. மூன்று சாவிக்காரர்களும் வந்தால்தான் திறக்கும். ஆம்ஸ்டர்டாமை அவர் பார்த்துச் செய்தார் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. அடுத்தவர் காசைக் கையில் வைத்திருக்கும்போது ஒரே ஆளிடம் சாவி இருக்கக் கூடாது என்பது இரண்டு இடத்திலும் தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் முக்கியம். 1817-ல் வந்த சட்டம் இங்கிலாந்தின் சேமிப்பு வங்கிகள் திரட்டிய பணத்தை அரசின் தேசியக் கடன் ஆணையத்திடம் கட்டச் சொன்னது. 1861-ல் பிரிட்டன் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த தபால் சேமிப்பு வங்கியும் அப்படியே. ஒரு ஷில்லிங் இருந்தால் கணக்கு. 1880-ல் தபால் துறைத் தலைவர் ஹென்றி ஃபாசெட் ஒரு பென்னி ஸ்டாம்பை வாங்கி அட்டையில் ஒட்டி, பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரு ஷில்லிங்காகக் கணக்கில் போடலாம் என்று வழி செய்தார். தபால் நிலையச் சேமிப்பு இந்தியா முழுக்க 1882-ல் வந்தது. பாதுகாப்பானது, மலிவானது, ஏழைக்கும் எட்டுவது. ஆனால் கடன் வாங்குபவர் ஒரே ஆள், அரசு. வட்டி கிடைக்கும், நாட்டின் தொழில் வளர்ச்சியில் பங்கு கிடைக்காது. ஆக 19-ஆம் நூற்றாண்டு முழுக்க, வசதியுள்ளவருக்குப் பிரித்துப் போடும் வாய்ப்பு இருந்தது, தவணை இல்லை. உழைப்பாளிக்குத் தவணை இருந்தது, பிரித்துப் போடும் வாய்ப்பு இல்லை.

இரண்டும் சேர்ந்தது அமெரிக்காவில். உங்கள் இரண்டாவது நண்பர் சொன்ன 1924 இங்கேதான் வருகிறது. அந்த வருடம் மார்ச் 21-ம் தேதி பாஸ்டனில் ‘மாசசூசெட்ஸ் இன்வெஸ்டர்ஸ் டிரஸ்ட்’ தொடங்கியது. 50,000 டாலர் முதல். அதன் பின்னால் இருந்த எட்வர்ட் லெஃப்லர் ஒரு காலத்தில் அலுமினியப் பாத்திரம் விற்றவர். அதற்கு முன்னால் இருந்த டிரஸ்டுகளில் பணத்தை வெளியே எடுக்க வேண்டுமானால் சந்தையில் இன்னொருவருக்கு விற்க வேண்டும், அவர் கேட்கிற விலைக்கு. லெஃப்லரின் ஏற்பாட்டில் நிதியே அன்றைய நிகரச் சொத்து மதிப்பைக் கணக்கிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும், யார் வந்தாலும் புதிதாக விற்கும். நாம் இன்றைக்கு என்ஏவி என்று சொல்வது இது. தினமும் கதவு திறந்திருந்தால்தான் மாதாமாதம் உள்ளே வர முடியும். எஸ்ஐபிக்கு இந்த மாற்றம் இல்லாமல் வழியே இல்லை. அதனால் இன்று நாம் பயன்படுத்துகிற வடிவம் என்று பார்த்தால் 1924 சொன்ன நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1929 சரிவில், கடன் வாங்கி முதலீடு செய்த மூடிய நிதிகள் (பழைய டிரஸ்டுகள் போல, பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதவை) பல அழிந்தன. திறந்த வகை நிதிகள் அடி வாங்கினாலும் தப்பின. 1940-ல் அமெரிக்கா இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது.

தவணை முறையை நிதியோடு சேர்த்தவர் இன்னார் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட முடியாது. பல விற்பனை நிறுவனங்கள் 1930 வாக்கில் அமெரிக்காவில் மாதத் தவணைத் திட்டங்களை விற்க ஆரம்பித்தன. பத்து வருடம், பதினைந்து வருடம் கட்டுவதாக ஒப்பந்தம். கேட்க நன்றாக இருக்கும். உள்ளே இருந்த கணக்கைப் பாருங்கள். 1940 சட்டமே முதல் 12 தவணைகளில் பாதி வரை விற்பனைக் கட்டணமாக எடுக்க அனுமதித்தது. அதற்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தத்தான் அந்த வரம்பே. மாதம் 50 டாலர் கட்டுகிறவர் ஒரு வருடத்தில் 600 கட்டுவார். அதில் 300 வரை கமிஷனுக்குப் போகலாம். பத்து வருடம் ஒழுங்காகக் கட்டினால் மொத்தத்தில் அது 9 சதவீதத்துக்குள் அடங்கும். ஒரு வருடத்தில் வேலை போய் நிறுத்தினால் பாதிப் பணம் போனது போனதுதான். நடுவில் நிறுத்துகிறவர்கள் யார்? வருமானம் நிலையில்லாதவர்கள். யாருக்காக இந்தத் திட்டம் என்று சொல்லப்பட்டதோ அவர்கள் தலையில்தான் அதன் செலவு விழுந்தது. 1950, 60-களில் பெர்னார்ட் கார்ன்ஃபெல்டின் நிறுவனம் இத்தகைய திட்டங்களை வெளிநாடுகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் விற்றே வளர்ந்தது. 1970-ல் அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தது. இந்த வகைத் திட்டங்கள் அமெரிக்காவில் முற்றிலுமாகத் தடை செய்யப்பட்டது 2006-ல். அதுவும் சிப்பாய்களைப் பாதுகாக்க வந்த சட்டத்தின் வழியாக. எஸ்ஐபியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

நேரடியாகப் பங்குகளுக்கும் தவணை வந்தது. 1954 ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தை ஒரு மாத முதலீட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மூன்று மாதத்துக்கு 40 டாலர் இருந்தாலே போதும். குறிப்பிட்ட தொகைக்கு, முழுப் பங்கு வராவிட்டாலும் பின்னமாகக்கூட வாங்கலாம். இன்றைய எஸ்ஐபிக்கு உருவத்தில் மிக நெருங்கிய மூதாதை இதுதான் என்று நான் கருதுகிறேன்.

சராசரி விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் அதிகம் மிகைப்படுத்துகிறார்கள். மாதம் 1,000 ரூபாய் போடுகிறீர்கள். யூனிட் (ஃபண்டில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு பங்கு) விலை முதல் மாதம் 10, அடுத்து 8, அடுத்து 12.50. உங்களுக்குக் கிடைப்பது 100, 125, 80. ஆக 305 யூனிட். ஒரு யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்தது சுமார் 9.84 ரூபாய். மூன்று மாத விலைகளின் சராசரியோ 10.17. விலை எப்படி ஆடினாலும் உங்கள் கொள்முதல் விலை அந்தச் சராசரியைத் தாண்டாது. இது கணிதம், நிச்சயம். ஆனால் இதனால் லாபம் நிச்சயம் என்பது பொய். விலை தொடர்ந்து இறங்கினால் நஷ்டம்தான். கையில் மொத்தப் பணம் இருக்கும்போது அதைத் துண்டு துண்டாகப் போடுவது சிறந்த வழி ஆகாது என்று 1979-லேயே ஜார்ஜ் கான்ஸ்டான்டினிடிஸ் என்ற பொருளியலாளர் காட்டினார். சந்தை பெரும்பாலும் ஏறுமுகம் என்றால் காத்திருக்கும் பணம் வாய்ப்பை இழக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு இந்த விவாதம் பெரிதாகப் பொருந்தாது. அவரிடம் மொத்தப் பணமே கிடையாது; வரும்போது போடுகிறார். எஸ்ஐபியின் உண்மையான பலன் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

இனி இந்தியா. 1963-ல் யூனிட் டிரஸ்ட் சட்டம் நிறைவேறியபோது நிதியமைச்சர் நம் சென்னைக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எல்ஐசி பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்ட விவகாரத்தில் 1958-ல் பதவி விலக நேர்ந்தவர். பொதுமக்கள் பணத்தைப் பங்குகளில் போடுவது எவ்வளவு சிக்கலானது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1964 பிப்ரவரியில் யு.டி.ஐ. (யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா) அமைந்தது, 5 கோடி ரூபாய் ஆரம்ப மூலதனம், அதில் பாதி ரிசர்வ் வங்கியுடையது. ஜூலையில் யு.எஸ்.64 திட்டம், யூனிட் 10 ரூபாய். நடுத்தரக் குடும்பம் கையில் எடுக்கக்கூடிய விலையில் தொழில்துறையின் பங்கு முதன்முறையாக இங்கே கிடைத்தது. 1971-ல் யு.டி.ஐ. காப்பீட்டோடு இணைந்த பத்து வருடத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது; தவணையாகக் கட்டும் திட்டம். எஸ்ஐபி என்ற பெயர் இல்லாவிட்டாலும் தவணையும் யூனிட்டும் இந்தியாவில் சேர்ந்த பழைய உதாரணம் அது.

யு.எஸ்.64-ல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கோளாறு இருந்தது. யூனிட் விலையை நிர்வாகமே அறிவிக்கும். உள்ளே இருக்கும் சொத்தின் அன்றைய மதிப்போடு அது கட்டுப்படவில்லை. மக்கள் அதை வங்கி வைப்பு போல நினைத்தார்கள், ஏஜென்ட்டுகளும் அப்படியே சொல்லி விற்றார்கள். 1998-ல் அதன் கையிருப்பு நிதி மைனஸுக்குப் போயிருந்தது வெளியே தெரிந்தது. 2001 ஜூலையில் பணம் எடுப்பதை ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். பிறகு ஒருவருக்கு 3,000 யூனிட் வரை மட்டும் 10 ரூபாயில் தொடங்கி மாதம் 10 பைசா ஏற்றித் திரும்ப எடுக்க வழி செய்து, 2003-ல் யு.டி.ஐ.யையே இரண்டாகப் பிரித்தார்கள். ஓய்வுபெற்ற பணத்தை அதில் போட்டிருந்த எத்தனையோ பேருக்கு அந்த வருடங்கள் சாதாரணமாகக் கழியவில்லை.

இதற்கிடையே 1987-ல் ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் ஃபண்ட் தொடங்கின. 1993-ல் தனியாருக்குக் கதவு திறந்தபோது முதலில் பதிவானது கோத்தாரி பயனியர், சென்னையின் கோத்தாரி குழுமம் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது. மாதத் தவணை முறை பரவ ஆரம்பித்த காலமும் அதுதான். அப்போது எஸ்ஐபி என்றால் படிவத்தோடு பின்தேதியிட்ட காசோலைகளைக் கத்தையாக இணைத்துக் கொடுப்பது. அவற்றைத் தேதிவாரியாகப் பிரித்து, பத்திரப்படுத்தி, அந்தந்த நாளில் வங்கிக்கு அனுப்புவது எங்கள் வேலையின் பெரிய பகுதி. 500 ரூபாய்க் காசோலை ஒன்றைக் கையாள ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால், சிறு தொகைக்காரரை ஏன் எந்த நிறுவனமும் ஆவலோடு தேடிப் போகவில்லை என்பது புரியும். வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும் முறைகள், ரிசர்வ் வங்கியின் இசிஎஸ், அப்புறம் நாச், இப்போது யுபிஐ ஆட்டோபே என்று வந்ததும் அந்தச் செலவு சுருங்கியது. 2009 ஆகஸ்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, ஃபண்டில் பணம் போடும்போது பிடித்த நுழைவுக் கட்டணத்தை ஒழித்தது. 2016 ஏப்ரலில் மாதம் 3,000 கோடி ரூபாய் அளவில் இருந்த எஸ்ஐபி வரவு 2024 ஏப்ரலில் முதன்முறையாக 20,000 கோடியைத் தாண்டியது. விளம்பரத்துக்கும் சந்தை ஏற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு. என் பார்வையில் பெரிய காரணம், சிறு தவணையை வசூலிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனதுதான்.

கடைசியாக மூன்றாவது நண்பரின் சீட்டு. சிறு தொகையைத் தவணையாகக் கட்டும் பழக்கம் நம்மிடம் வெகு காலமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. எஸ்ஐபி இங்கே எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பழக்கமும் காரணம் என்று நம்புகிறேன். மாதம் இவ்வளவு என்று ஒதுக்கிக் கட்டுவதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் சீட்டிலிருந்து மியூச்சுவல் ஃபண்ட் வந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை, இரண்டும் ஒரே பொருளும் இல்லை. 20 பேர் மாதம் 5,000 கட்டினால் சேரும் ஒரு லட்சம் அந்த மாதமே ஒருவர் கைக்குப் போகிறது. ஏலச்சீட்டில் அவசரக்காரர் ஒரு தொகையைத் தள்ளிவிட்டுக் குறைவாக எடுக்கிறார். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக மீதி மற்றவர்களுக்குக் கசர் என்று பிரிகிறது. அதாவது உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குகிறார்கள். வெளியே எந்தத் தொழிலிலும் எந்தப் பத்திரத்திலும் பணம் போவதில்லை. ஆம்ஸ்டர்டாம் நிதியிலும் குலுக்கல் இருந்தது, நம் குலுக்கல் சீட்டிலும் இருக்கிறது. அந்த ஒற்றுமையை வைத்துக் கதை கட்டக் கூடாது.

நம் ஊரில் கூட்டு நிதிக்கு நெருக்கமாக வருவது சீட்டைவிட, சென்னையின் ‘நிதி’ என்ற வகை நிறுவனங்கள். உறுப்பினர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் வாங்கி உறுப்பினர்களுக்கே நகையின் பேரிலும் வீட்டின் பேரிலும் கடன் கொடுப்பவை. 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் அவற்றில் பெயர்பெற்றது. நான் மேலே சொன்ன டண்டீ டிரஸ்டைவிட ஒரு வருடம் மூத்தது. இவை கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருபவை, செபியின் கீழ் வருபவை அல்ல. செபி விதிகள்படி மியூச்சுவல் ஃபண்டில் நிர்வாக நிறுவனம் வேறு, டிரஸ்டிகள் வேறு, பத்திரங்களை வைத்திருக்கும் கஸ்டோடியன் வேறு. நிதி நிறுவனத்தில் வாங்குவதும் வைத்திருப்பதும் கடன் கொடுப்பதும் ஒரே நிர்வாகம். 2024-ல் மயிலாப்பூர் நிதியில் முதிர்ந்த வைப்புத்தொகை திரும்ப வரவில்லை என்று ஏராளமானவர்கள் புகார் கொடுத்து, பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்து, அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். குற்றச்சாட்டுகளில் எது உண்மை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் பலர் ஓய்வூதியக்காரர்கள், தலைமுறையாக அந்த நிறுவனத்தை நம்பியவர்கள். உங்கள் மூன்றாவது நண்பர் நம் ஊர் ஏற்பாடுகளின் பழமையைப் பேசும்போது, அந்தப் பெட்டிக்கு எத்தனை பூட்டு, யாரிடம் சாவி என்று அவரிடம் கேளுங்கள்.